மழை விட்ட அரை மணி நேரம்

(மலையகத் தோட்டங்களிலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்த குடும்பங்களின் முன்னிலையில், துறைமுகப் பகுதியில் காலை ஓட்டம் ஓடும் குழுவினர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களின் பயன் கருதி இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)





நேற்று நீங்கள் கோணேசர் கோயிலுக்குப் போனபோது நாங்களும் கூட வந்தோம். கோட்டை வாசலில் இருந்து கோயில் வரைக்கும் ஏற்றம்தான். எங்கள் ஊர்க்காரர் பலர் அதற்கு ஆட்டோ பிடிப்பார்கள். உங்கள் அம்மாமார் கதைத்துச் சிரித்துக்கொண்டே ஏறி முடித்தார்கள். மூச்சு வாங்கினது யாருக்கு என்றால், கூட வந்த பொடியன்மாருக்கு! மான் பார்க்கிற சாட்டில் அங்கங்கே நின்று நின்று வந்தார்கள்.

நாங்கள் இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நாங்கள் பேச வந்த விஷயமே இதுதான். ஐம்பது வயது அம்மாவுக்கு ஏறுகிற மலை, இருபத்தைந்து வயது மகனுக்கு ஏன் ஏற மாட்டேன் என்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மாரி காலத்தில் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

யார் ஓட வேண்டும்?

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குறோம். எங்களைப் பார்த்து ஓடு என்று சொல்ல வந்திட்டீங்களா?" என்று சில அம்மாமார் மனதுக்குள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, படங்கைக் கட்டி, முதுகில் கொழுந்தைச் சுமந்து, மழையில் அட்டைக்கடி வாங்கி, சாயந்தரம் வீட்டுக்கு வந்து தண்ணீர், விறகு, அடுப்பு என்று நிற்கிற தாயைப் பார்த்து "இன்னும் அரை மணி நேரம் ஓடுங்கள்" என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவருக்கு வேண்டியது ஓய்வு. நல்ல சாப்பாடும் நிமிர்ந்து படுக்க ஒரு இடமும் அவருக்கு வேண்டும்.

வேலைக்களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வேலையில் ஒரே தசை நாள் முழுக்க இழுபடுகிறது. முதுகு வளைந்தே இருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த ஏலாது. பயிற்சி என்பது உங்கள் விருப்பத்தில் தொடங்கி, உங்கள் விருப்பத்தில் நிறுத்துகிற காரியம். அது முடிந்ததும் உடம்புக்கு ஆறுதல் கிடைக்கிறது. பாரம் தூக்குகிற வேலை செய்கிறவர்களுக்கு, பயிற்சியால் இருதயத்துக்குக் கிடைக்கும் நன்மை முழுவதும் அந்த வேலையாலேயே கிடைத்துவிடுவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் இப்போது சொல்கிறார்கள்.

அப்படியென்றால் யார் ஓட வேண்டும்? தோட்டத்தில் பிறந்தும், வேலையால் உடம்பு அசையாமல் போனவர்கள் ஓட வேண்டும். கடையில் நிற்கிற தம்பி, ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், கொழும்பில் தையல் மெசினுக்கு முன்னால் பத்து மணி நேரம் இருக்கிற தங்கச்சி, வகுப்பறையில் நிற்கிற ஆசிரியர், பென்சன் எடுத்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்ட தாத்தா. இவர்களுடைய வேலை மாறிவிட்டது. சோறு, ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி மாறவில்லை. மலை ஏறின உடம்புக்குப் போட்ட சாப்பாட்டை, உட்கார்ந்திருக்கிற உடம்புக்கும் போடுகிறோம்.

எங்கள் துறைமுகத்திலும் இதே கதைதான். முன்பு கப்பலில் இருந்து மூட்டை மூட்டையாய்த் தோளில் இறக்கினவர்கள் இருந்தார்கள். பிறகு அந்த வேலையைப் பாரந்தூக்கி செய்தது. தோளில் சுமந்தவர்களுக்கு முதுகு போனது உண்மை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு நாற்பது வயதிலேயே சீனி வியாதியும் பிரசரும் வந்தன. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஒரு ஆய்வில், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சீனி வியாதி இருந்தது. நகரத்தில் கூடுதல், கிராமத்தில் குறைவு. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

சீனி வியாதி சத்தம் போடாமல் வரும். முதலில் களைப்பு, பிறகு தாகம், பிறகு காலில் ஆறாத ஒரு புண். அந்தப் புண் கவனிக்காமல் விடப்பட்டால் விரலும் போகலாம், காலும் போகலாம். ஒரு குடும்பத்தில் உழைக்கிறவரின் கால் போனால், அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் அதோடு போகும். ஆகவே ஓட்டத்தைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். காசு இல்லாத வீட்டுக்குத்தான் நோய் அதிகச் செலவு வைக்கும்.

மாரியில்தான் உடம்பு கெடுகிறது

திருகோணமலையில் மே தொடக்கம் ஓகஸ்ட், செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். வெயில் சுடும். அப்போது விடியக்காலையில் உட்துறைமுக வீதியிலும் டச்சு விரிகுடாக் கரையிலும் நிறையப் பேரைக் காணலாம். ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஆட்கள் குறைவார்கள். டிசம்பரில் கடல் கொந்தளித்து மீனவரே கரையில் இருக்கும்போது, வீதியில் ஒருவரும் இல்லை. ஜனவரி கழிய மழை விட்டதும் திரும்பி வருவார்கள். ஆனால் வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்!

உங்கள் பக்கம் காலம் வேறு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடக்கம் தென்மேற்கு மழை. பதுளைப் பக்கம் எங்களைப் போல வடகீழ்ப் பருவ மழை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி. மாதம் மாறினாலும் பழக்கம் ஒன்றுதான். மழையும் குளிரும் வந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீவிக்கு முன்னால் இருந்துவிடுகிறோம். பகல் குறுகுகிறது, பசி கூடுகிறது, சுடச்சுட எண்ணெய்ப் பலகாரம் கேட்கிறது. சில வீடுகளில் "குளிருக்கு" என்று போத்தலும் வருகிறது. சாராயம் உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு இரத்தம் கூடப் பாய்வதால் சூடு போலத் தெரியும். உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிறது. பத்து நிமிட ஓட்டம் தருகிற சூடுதான் உண்மையான சூடு.

உடற்பயிற்சியால் வந்த பலம் சேமிப்புப் புத்தகத்தில் போட்ட காசு மாதிரி இருக்காது. இரண்டு மூன்று கிழமை நிறுத்தினால் குறையத் தொடங்கிவிடும். ஆகவே மாரியில் நிறைய ஓட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. நிறுத்தாமல் இருங்கள் என்றுதான் கேட்கிறோம். மழை விட்ட அரை மணி நேரம் போதும்.

எப்படித் தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு இது. வளர்ந்த ஒருவர் கிழமைக்கு 150 நிமிடம் வேக நடை போன்ற நடுத்தரப் பயிற்சி செய்ய வேண்டும். அல்லது ஓட்டம் போன்ற கடும் பயிற்சி 75 நிமிடம் செய்ய வேண்டும். கிழமையில் மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம் ஓடினால் 75 நிமிடம் வந்துவிடும். ஆனால் முதல் நாளே 25 நிமிடம் ஓடக்கூடாது. முதல் நாள் ஓடி, இரண்டாம் நாள் நொண்டி, மூன்றாம் நாள் விட்டுவிட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒழுங்கைக் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், கிழமைக்கு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் வெறும் நடை. நடுவில் செய்ய வேண்டியது:

முதல் இரண்டு கிழமை: ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு தரம்.

மூன்றாம், நான்காம் கிழமை: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்து தரம்.

ஐந்தாம், ஆறாம் கிழமை: ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்று தரம்.

ஏழாம், எட்டாம் கிழமை: எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இரண்டு தரம்.

அதன் பிறகு இருபது நிமிடம் விடாமல் ஓடிப் பார்க்கலாம். ஒரு படி கஷ்டமாக இருந்தால் அதே படியில் இன்னும் ஒரு கிழமை நில்லுங்கள். யாரும் பரீட்சை வைக்கவில்லை.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும். கதைக்க ஏலாமல் மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது. உங்கள் ஊரில் ஏற்றம் நிறைய. ஏற்றத்தில் நடவுங்கள், சமதரையில் ஓடுங்கள். இறக்கத்தில் மட்டும் பாய்ந்து ஓடவேண்டாம். முழங்கால் பிடித்துக்கொள்வது அங்கேதான்.

இன்னொரு விஷயம். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைவு. இங்கே கீழே ஓடுகிறதை விட அங்கே சீக்கிரம் மூச்சு வாங்கும். அது நோய் அல்ல. பழகப் பழகச் சரியாகும். பெரிய ஓட்டக்காரர் காசு செலவழித்துத் தேடிப் போகிற உயரத்தில் நீங்கள் பிறந்தே இருக்கிறீர்கள்.

கென்யாவில் நந்தி என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதுவும் தேயிலை விளைகிற மலைநாடு. அங்கே பிறந்த எலியுட் கிப்சோகே 2016இலும், 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலும் ஒலிம்பிக் மரதன் தங்கம் வென்றார். 2019 ஒக்டோபர் 12இல் வியன்னாவில் அவருக்கென்று ஒழுங்கு செய்த ஓட்டத்தில் 42 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடினார். நமது மலையகத்திலும் குமார் சண்முகேஸ்வரன், தலவாக்கலை விக்னராஜ் வக்‌ஷான் போன்றவர்கள் நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் முன்னுக்கு வந்தார்கள். தேயிலை மலைக்கும் ஓட்டத்துக்கும் நல்ல பொருத்தம் இருக்கிறது.

"இந்த வயசில எதுக்கு?"

இதைப் பெரியவர்கள் சொல்லுவார்கள். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில், எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். நாங்கள் எல்லோரையும் பதக்கத்துக்கு ஓடச் சொல்லவில்லை. வயதைச் சொல்லி இஸ்தோப்பில் உட்காரப் பார்க்கிறவர்கள் அந்த அம்மாவை ஒருதரம் நினைக்கட்டும் என்றுதான் சொல்கிறோம். ஓட ஏலாதவர் நடக்கலாம். வேக நடையும் இருதயத்துக்கு மருந்துதான்.

பெண்பிள்ளைகள் ஓடினால் லயத்தில் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். இங்கேயும் சொன்னார்கள். எங்கள் குழுவில் பெண்கள் முதலில் மூன்று பேராகச் சேர்ந்து, கூட ஒரு மூத்த அக்காவை வைத்துக்கொண்டு நடந்தார்கள். சுரிதாரும் சப்பாத்துமாகத்தான் வந்தார்கள். மூன்று மாதத்தில், கதை சொன்ன வீட்டில் இருந்தே இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

மாரிக்குக் கவனம்

மழைக்காலத்துக்கு என்று சில புத்திமதிகள் உண்டு. இவற்றைச் சொல்லாமல் உங்களை வீதிக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

இடி மின்னலில் வெளியே போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இடி கேட்டால், மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.

கடும் மழை பெய்த நாட்களில் வெட்டிய மண்மேட்டின் ஓரமாகவும் ஓடைக் கரையிலும் ஓடவேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் நடந்ததும் நம் எல்லோருக்கும் தெரியும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் ஓட்டமும் வேண்டாம், நடையும் வேண்டாம். சொன்ன இடத்துக்குப் போய்விடுங்கள்.

பனிமூட்டத்தில் வாகனக்காரருக்கு உங்களைத் தெரியாது. வெள்ளை அல்லது மஞ்சள் சட்டை போடுங்கள். வாகனம் எதிரே வருகிற பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். வீதியை விட விளையாட்டுத் திடல் நல்லது.

தேங்கின தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கவேண்டாம். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக உள்ளே போகும். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் வென்றது உண்மை. ஆனால் சீனி வியாதி உள்ளவர் ஒருநாளும் வெறுங்காலோடு ஓடக்கூடாது. விலை கூடின சப்பாத்து தேவையில்லை. காலுக்கு அளவான, அடி வழுக்காத ஒரு சோடி போதும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் பாருங்கள். நனைந்த உடுப்போடு நிற்காதீர்கள்.

மழை விடவே இல்லையா? இஸ்தோப்பில் நின்ற இடத்திலேயே ஓடலாம். ஒரு படியில் ஏறி இறங்கலாம். கயிறு அடிக்கலாம். வாசிகசாலையிலோ சனசமூக மண்டபத்திலோ பத்துப் பேர் சேர்ந்து செய்யலாம். பத்து நிமிடம் செய்தாலும் அன்றைய கணக்கு வெறுமையாகப் போகாது.

தொடங்கும் முன் யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்? நெஞ்சு நோவு, பிரசர், சீனி, இளைப்பு உள்ளவர்களும், நாற்பது வயதுக்கு மேல் பல காலம் அசையாமல் இருந்தவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும். சீனி வியாதிக்கு மருந்து எடுக்கிறவர்கள் பையில் இரண்டு இனிப்பு வைத்திருங்கள். தலை சுற்றி, வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள். ஓடும்போது நெஞ்சை அழுத்தினால், அந்த நோவு கைக்கோ தாடைக்கோ போனால், நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வாயு" என்று சொல்லி வீட்டில் படுக்காதீர்கள்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் அது இரத்தக்குறைவாக இருக்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாம் பறிக்கிற கொழுந்துதான் என்றாலும், அதற்கும் நேரம் உண்டு.

அந்த அரை மணி யாருடையது?

ஓட்டத்துக்கு வேண்டிய அரை மணி நேரத்தை எங்கே இருந்து எடுப்பது? மகன் ஓடப் போகிறான் என்று அவன் தூக்க வேண்டிய தண்ணீரையும் அம்மா தூக்கினால், அந்த ஓட்டத்தால் வீட்டுக்கு நன்மை இல்லை. தம்பிமாரே, ஓடி முடித்து வரும் வழியில் பீலியில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வாருங்கள். விறகு பிளந்து போடுங்கள். உங்கள் உடம்புக்கும் நல்லது, அம்மாவுக்கும் அரை மணி ஓய்வு மிச்சம். கொழுந்து எடுத்து வந்த அம்மா அந்த அரை மணியில் முதுகை நிமிர்த்திப் படுக்கட்டும். ஓட்டம் பொடியனுக்கு, ஓய்வு அம்மாவுக்கு. குடும்ப நலத்துக்கு எங்களுக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

ஊருக்குத் திரும்பினதும் பெரிய சங்கம் ஒன்றும் அமைக்க வேண்டாம். தலைவர், செயலாளர் தெரிவிலேயே மழைக்காலம் முடிந்துவிடும்! ஒரு லயத்தில் மூன்று பேர் சேருங்கள். மூன்று நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வராவிட்டால் மற்ற இருவர் போய்க் கதவைத் தட்டுங்கள். கலண்டரில் ஓடின நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பத்துக் கிழமையில் முப்பது புள்ளி வரும். இருபது வந்தாலும் சந்தோஷந்தான். ஓட்டத்தைத் தொடங்கும் முன் டிஸ்பென்சரியில் பிரசரும் சீனியும் பார்த்து எழுதி வையுங்கள். பத்துக் கிழமை முடிந்து திரும்பவும் பாருங்கள். அப்போது எங்கள் பேச்சை நம்ப வேண்டிய தேவை இல்லை, அந்தத் துண்டே பேசும்.